நாள் குறிப்பது கால்ஷீட்

தமிழ் சீரியலில் ஒரு நடிகை விலகிக்கொண்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுவிட்டு அடுத்த காட்சியிலிருந்தே வேறு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது. நாலு நாள் திட்டுவோம், ஐந்தாம் நாள் பழகிவிடும். இன்னொன்று, அந்தப் பாத்திரத்துக்குத் தலைவலி வரவைப்பது. அடுக்களையில் நிற்கும்போது கண் இருட்டும், கையிலிருந்த டம்ளர் விழும், அது தரையில் உருள்வதை மூன்று கோணத்தில் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும், ஆள் போகப்போகிறார் என்று.

பிழைக்க வழியில்லாத நோயாளியைப் பற்றி 'நாள் குறிச்சிட்டாங்க' என்று சொல்வது நம் வழக்கம். சீரியலில் நாள் குறிப்பது டாக்டர் அல்ல, கால்ஷீட். நடிகரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது முதலில் முடிவாகும். நோய் என்ன, அது எத்தனை மாதம் இழுக்கும், வலி எப்போது கூடும் என்பதெல்லாம் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதப்படும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. சீரியல் என்ற வடிவத்தைக் கண்டுபிடித்த அமெரிக்காவிலும், அதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் ஓட்டிவரும் பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே இதைச் சில நேரம் அபாரமாகச் செய்திருக்கிறார்கள், சில நேரம் நம்மைவிட மோசமாகவும் செய்திருக்கிறார்கள்.

'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரில் தொடங்கிய பிரிட்டிஷ் சீரியல். மான்செஸ்டர் பக்கத்துக் கற்பனை ஊர் ஒன்றின் ஒரே தெருவில் நடக்கும் கதை. அதில் 1998-ல் ஹேலி என்ற பாத்திரம் வந்தது. பிரிட்டிஷ் சீரியல்களின் நிரந்தரப் பாத்திரங்களில் முதல் திருநங்கை அவர்தான். கஃபே நடத்தும் ராய் என்ற கூச்ச சுபாவக்காரருக்கும் அவருக்கும் காதல். சட்டம் அனுமதிக்காததால் 1999-ல் வெறும் ஆசீர்வாதச் சடங்கு மட்டும் நடந்தது. சட்டம் மாறிய பின் 2010-ல் முறைப்படி கல்யாணம். கதைக்குள்ளும் வெளியிலும் இத்தனை வருடம் ஓடியிருந்த நேரத்தில், 2013 தொடக்கத்தில், ஹேலியாக நடித்த ஜூலி ஹெஸ்மண்ட்ஹால்ஷ் விலகப்போவதாக அறிவித்தார்.

எழுத்தாளர்களுக்கு இக்கட்டு. ராயை விட்டுவிட்டு ஹேலி வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்றால் அடிக்க வருவார்கள். மிச்சமிருந்தது சாவு ஒன்றுதான். கணையப் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியே தெரிகிற நோய் என்பதால், நன்றாக இருந்தவர் சில மாதங்களில் போய்ச் சேர்வது மருத்துவ ரீதியாகவும் பொருந்தும். 2014 ஜனவரி 20 அன்று ஹேலி இறந்தார்.

கால்ஷீட்டுக்காகப் பிறந்த நோய்தான் இதுவும். ஆனாலும் இதில் ஒரு காரியம் நடந்தது. ஹேலியின் பெரிய பயம் வலி இல்லை. கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில் மனம் குழம்பி, பிறந்தபோது வைத்த ஆண் பெயரான பழைய 'ஹெரால்டாக' மாறிவிடுவோமோ என்பதுதான் பயம். தன் பெயரையும் உடலையும் அடையப் பாதி வாழ்க்கையைச் செலவழித்த ஒருவருக்கு, அதை மார்ஃபின் பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். இந்த பயம் அவருக்கு மட்டுமே வரக்கூடியது. வேறு யாருக்காவது அதே நோயைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. சீரியல் நோய்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த நோய் இந்த ஆளுக்கு வந்திருக்கிறதா, அல்லது யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடக்கூடிய பட்டுப்புடவை மாதிரி வந்திருக்கிறதா?

நம் சீரியல்களில் பெரும்பாலும் பட்டுப்புடவைதான். மூளையில் கட்டி, இல்லையென்றால் ரத்தப் புற்றுநோய். இவை இரண்டுக்கும் அப்படி என்ன மவுசு? வெளியே ஒன்றும் தெரியாது, முகம் கெடாது, அதனால். நெற்றியில் ஒரு கட்டு, மூக்கில் ஒரு சொட்டு ரத்தம், வேலை முடிந்தது. ஒப்பனை அப்படியே இருக்கும், கம்மல் கழற்ற வேண்டாம். போதாக்குறைக்கு மூளைக்கட்டி என்பது எழுத்தாளருக்குக் கிடைத்த காமதேனு. ஞாபகம் மறக்க வேண்டுமா, மறக்கும். பார்வை போக வேண்டுமா, போகும். டிஆர்பி ஏறி, நடிகை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டால் வெளிநாட்டு டாக்டர் வந்து கட்டியை எடுத்துவிடுவார்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்து வீட்டோடு இருந்த மாதங்களில், அவரோடு உட்கார்ந்து இரவு ஏழரை மணி சீரியல் பார்த்திருக்கிறேன். அதிலும் கதாநாயகிக்கு மூளைக்கட்டி. பெரியம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பார்ப்பார். ஒரு நாள் சொன்னார்: "ஆறு கீமோ போட்டவ தலையில மல்லிப்பூ எப்படி நிக்குது பாரு." கிண்டல்தான். ஆனால் அடுத்த நாளும் ஏழரைக்கு டிவியைப் போடச் சொன்னார்.

அந்த சீரியலில் என்னென்ன இல்லை என்பது பெரியம்மா வீட்டில் இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு டோக்கன் வாங்கப் போகும் ஆள் இல்லை. காப்பீட்டு அட்டை, அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் இல்லை. கீமோ போட்ட மூன்றாம் நாள் எது சாப்பிட்டாலும் இரும்பைச் சப்பியது மாதிரி இருக்கிறது என்ற புலம்பல் இல்லை. மலச்சிக்கல் இல்லவே இல்லை. ராத்திரி யார் கூட இருப்பது என்று மருமகள்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தைகூட இல்லை. மருமகள் சண்டையை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள், கண்ணெதிரே இருந்த இந்தச் சண்டையை எப்படி விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஓடும் சீரியலுக்கு நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. அதனிடம் இருக்கும் ஒரே சொத்தே நேரம்தான். அந்த நேரத்தை ரிப்போர்ட் யார் கையில் கிடைக்கிறது, அதை எந்த பீரோவில் ஒளித்து வைக்கிறார்கள் என்பதில் செலவழித்துவிடுகிறார்கள்.

சரி, வெளிநாட்டு சீரியல்கள் மட்டும் உத்தமமா என்றால், அதையும் டாக்டர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 1995 முதல் 2005 வரை ஒன்பது அமெரிக்கப் பகல்நேர சீரியல்களில் கோமாவில் விழுந்தவர்கள் 64 பேர். அவர்களில் 57 பேர் முழுசாகக் குணமானார்கள், 5 பேர் இறந்தார்கள், 2 பேர் உணர்வில்லாமலே கிடந்தார்கள். அடிபட்டு வந்த கோமாவை மட்டும் எடுத்துக்கொண்டால், நிஜத்தில் 67 சதவீதம் பேர் இறக்கக்கூடிய நிலையில் சீரியலில் இறந்தவர்கள் 6 சதவீதம். இதைவிட வேடிக்கை, கண் விழித்த அன்றே பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, வில்லியைப் பார்த்து விரலை நீட்டிப் பேசத் தயார்.

அதே இதழ் 1997-ல் தலைகீழான ஒன்றை வெளியிட்டிருந்தது. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்', 'ஈஸ்ட்எண்டர்ஸ்' போன்ற பிரிட்டிஷ் சீரியல்களில் பாத்திரமாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டார்கள். கார் பந்தயக்காரர், வெடிகுண்டை செயலிழக்கச் செய்பவர் வரிசையில் வைத்து ஒப்பிடும் அளவுக்கு ஆபத்தான பிழைப்பு என்று தெரிந்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் முரண் மாதிரி தெரியும். முரண் இல்லை. ஒப்பந்தம் இருப்பவர் கோமாவிலிருந்து எழுவார், ஒப்பந்தம் முடிந்தவர் படியிலிருந்து விழுவார்.

இவ்வளவு பொய் என்று தெரிந்தும் டாக்டர்கள் ஏன் மெனக்கெட்டு எண்ணுகிறார்கள்? பார்ப்பவர்கள் அதை நம்பி நடக்கிறார்கள் என்பதால்தான். இதற்கு வேர் 1962-ல் இருக்கிறது.

அமெரிக்காவின் 'கைடிங் லைட்' சீரியலுக்கு அப்போது தலைமை எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சன். அவருடைய தோழி ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்திருந்தார். ஒரு சாதாரணப் பரிசோதனையில் முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்ற ஆதங்கத்தில், பெர்ட் என்ற குடும்பத் தலைவிக்கு அந்த நோயைக் கொடுத்து, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதாகக் கதை எழுத விரும்பினார். சீரியலின் உரிமையாளர் பிராக்டர் அண்ட் கேம்பிள், சோப்பு விற்கும் நிறுவனம். 'சோப் ஓபரா' என்ற பெயரே இப்படிப்பட்ட நிறுவனங்களால் வந்ததுதான். அவர்களும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் ஒப்புக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: 'புற்றுநோய்' என்று சொல்லக் கூடாது, 'கருப்பை' என்று சொல்லக் கூடாது, கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையின் பெயரையும் சொல்லக் கூடாது. நோயின் பெயரும் சொல்லாமல், வந்த இடமும் சொல்லாமல், சிகிச்சையும் சொல்லாமல் அந்தக் கதையை எழுதி முடித்தார் நிக்சன்.

அறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கூச்சம் என்று சிரிக்கலாம். ஆனால் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தபடி கருப்பைவாய்தான் இருக்கிறது. நம் சீரியல் நாயகிகளில் எத்தனை பேருக்கு அது வந்திருக்கிறது? மூளைக்கும் ரத்தத்துக்கும் மவுசு இருப்பதற்கு இன்னொரு காரணம் இங்கே அகப்படுகிறது. அவற்றைப் பெயர் சொல்லி, மாமனார் எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நிக்சன் போட்ட பாதையில் 2001-ல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' போனது, ஆனால் காப்பாற்றவில்லை. ஆல்மா என்ற பல வருடப் பாத்திரம் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தது. அதற்குப் பிறகான மாதங்களில் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் மட்டும், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 14,000 பரிசோதனைகள் கூடுதலாக நடந்தன. 21 சதவீத உயர்வு. எந்த அரசு விளம்பரமும் இதைக் கனவு காண முடியாது. ஆனால் இதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடி வந்தவர்கள் யார்? பல வருடம் தட்டிக்கழித்தவர்கள் என்றால் லாபம். ஏற்கெனவே முறையாகப் போய்க்கொண்டிருந்தவர்களே பயந்துபோய் முன்கூட்டி வந்திருந்தால், ஆய்வகத்துக்கு வேலை கூடுமே தவிர உயிர் பிழைப்பவர் எண்ணிக்கை கூடாது. பயம் ஆளைக் கிளப்பும், ஆனால் யாரைக் கிளப்ப வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இதே நோயில் நிஜ ஆள் ஒருவரின் கதையும் உண்டு, அதில் நம் நாடு வருகிறது. பிரிட்டிஷ் ரியாலிட்டி ஷோ நட்சத்திரம் ஜேட் கூடி. 2007-ல் ஷில்பா ஷெட்டியிடம் இனவெறியோடு நடந்துகொண்டதாகப் பேசப்பட்டவர். 2008 ஆகஸ்டில், அதே ஷில்பா தொகுத்து வழங்கிய ஹிந்தி பிக் பாஸ் வீட்டுக்குள் இருந்தபோதுதான் தனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று அவருக்குத் தெரியவந்தது. 2009 மார்ச் 22 அன்று இறந்தார், வயது 27. அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். எந்த எழுத்தாளரும் இந்தக் கதையை எழுதியிருந்தால் 'ஓவர்' என்று வெட்டியிருப்பார்கள்.

மறுபடி கால்ஷீட்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் சீரியல்களின் புகழ்பெற்ற மரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. 2000-ல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' பாட்டி எத்தெல், 2014-ல் ஹேலி, 2016-ல் மறுபடி 'ஈஸ்ட்எண்டர்ஸ்' பெகி. மூவருக்கும் தீராத நோய். ஆனால் மூவரும் நோயால் சாகவில்லை, தாங்களே முடித்துக்கொண்டார்கள். எப்படி என்பது இங்கே வேண்டாம். தீராத நோய் வந்தவர்களில் மிகச் சிலரே அப்படிப் போகிறார்கள். பிறகு ஏன் திரையில் மட்டும் இத்தனை? இயல்பான சாவுக்குத் தேதி கிடையாது. இன்றைக்கா நாளைக்கா என்று நாலு நாள் இழுக்கும், எல்லோரும் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். அதை வைத்து பிராமோ போட முடியாது. தானே முடிவெடுத்தால் தேதி உண்டு, விடைபெறுதல் உண்டு, ஒரு கடைசிக் காட்சி உண்டு. ஹேலியின் காட்சி அருமையாக எடுக்கப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி நாட்களின் வலியையும் குழப்பத்தையும் தணிக்க மருத்துவத்தில் ஒரு துறையே இருக்கும்போது, 'இதற்கு வேறு வழி இல்லை' என்ற எண்ணம் மூன்று முறை வீட்டுக்கூடத்துக்குள் வந்துவிட்டது. படுக்கையில் இருக்கும் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை நான் பெரியம்மாவை வைத்தே யோசிக்கிறேன்.

பெகி விஷயத்தில் திரைக்குப் பின்னாலும் ஒன்று நடந்தது. பெகியாக நடித்த பார்பரா விண்ட்சருக்கு 2014-லேயே அல்சைமர் என்று தெரிந்துவிட்டது. வெளியுலகுக்குச் சொன்னது 2018-ல். இடையில், 2016-ல், அவரே கேட்டுக்கொண்டுதான் பெகியைச் சாகடித்தார்கள். வசனங்கள் முழுசாகக் கையைவிட்டுப் போவதற்குள் அந்தப் பெண்மணிக்கு ஒரு முடிவு கொடுத்துவிட்டார். 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். ஒரு முறையாவது கால்ஷீட்டை நிஜ நோய் எழுதியது.

அண்மைக்காலத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' லோலா, இளம் தாய், 2022-ல் மூளைக்கட்டி வந்து 2023 மே மாதம் இறந்தார். நம் ஊர் மூளைக்கட்டிதான், ஆனால் கிளியோபிளாஸ்டோமா என்று பெயர் சொன்னார்கள். வார்த்தை தடுமாறியது, மகளுக்காக வீடியோக்கள் பதிவு செய்து வைத்தார், நோயாளிகள் அமைப்புகளிடம் கேட்டு எழுதினார்கள். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' பால், இயக்க நரம்பணு நோய் என்று 2023-ல் தெரிந்து 2024 செப்டம்பரில் இறந்தார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்த நோய் என்றால் சட்டென்று புரியும். ஆனால் ஹாக்கிங் விதிவிலக்கு. இந்த நோய் தெரிந்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். சீரியல் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒன்றரை வருடம். முதலில் கை, அப்புறம் நடை, அப்புறம் பேச்சு. பேச்சு போவதற்குள் தன் குரலைப் பதிவு செய்து வைத்து, பின்னால் கருவி அந்தக் குரலிலேயே பேசும் ஏற்பாடு ஒன்று இருப்பது பலருக்கு இந்தக் கதை மூலம்தான் தெரிந்திருக்கும். இரண்டரை மணி நேர சினிமா ஒரு பாட்டில் தாண்டிப் போகும் மாதங்கள் இவை. சீரியல் நினைத்தால் அவற்றை மாதங்களாகவே காட்ட முடியும்.

இன்னும் ஒரு விசித்திரம் சீரியலால் மட்டுமே முடியும்: கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவம் மாறுவது. அமெரிக்காவின் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' சீரியலில் 1995-ல் ஸ்டோன் என்ற இளைஞன் எய்ட்ஸில் இறந்தான். அவன் காதலி ராபினுக்கும் எச்ஐவி. அந்த நேரத்துக் கணக்குப்படி அவளுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் அடுத்த வருடமே கூட்டு மருந்து சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. ராபின் டாக்டருக்குப் படித்தாள், 2008-ல் குழந்தை பெற்றாள், கல்யாணமும் செய்தாள். சாகப்போகிற பெண்ணாக எழுதப்பட்டவள், உலகம் மாறியதால் சாகாமல் போனாள்.

'ஈஸ்ட்எண்டர்ஸ்' மார்க் ஃபௌலருக்கும் அதே மருந்துதான். 1991-ல் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவன் கைப்பிடித்த ஜில், கல்யாணமான கையோடு 1992-ல் எய்ட்ஸில் இறந்தாள். மார்க் மட்டும் பன்னிரண்டு வருடம் காய்கறிக் கடை நடத்திக்கொண்டு நன்றாகவே இருந்தான். நடிகர் டாட் கார்ட்டி 2003-ல் விலகும் நேரம் வந்ததும், மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான், மறு வருடம் சாவுச் செய்தி மட்டும் வந்தது. ஒரே வைரஸ், ஒரே மாத்திரை. ராபினுக்கு வேலை செய்தது, மார்க்குக்குச் செய்யவில்லை.

பெரியம்மா அந்த சீரியல் முடிவதற்குள் போய்விட்டார். பெரியப்பா ஏழரை மணிக்கு டிவியைப் போடுவதை நிறுத்தவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று, நாலு மாதம் இருக்கும், ஒரு நாள் ராத்திரி அவரே போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார், மழை பெய்கிறதா என்று கேட்டார். வைக்கப்போகும் நேரத்தில் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லையாம்ப்பா. ரிப்போர்ட் மாறிப் போச்சாம்."